ஐதராபாத் டூரில் மூன்றாம் நாள் காலை

"சார், எங்க பஸ்ஸு எப்போ கெளம்பும்?" என்று ஒரு பெண் பிள்ளை என்னிடம் கேட்டாள். பத்துப் பதினோரு வயது இருக்கும். பெயர் மஞ்சுளா. பாலசமுத்திரம் பக்கத்துப் பிள்ளை. நான் ஓய்வு பெற்ற புதிதில் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல், புத்தூருக்கு வெளியே முளைத்திருந்த ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சோஷல் பாடம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மஞ்சுளாவுக்கு மொட்டைத் தலை. அதில் காய்ந்த சந்தனம். புதுப் பாவாடை சட்டை, கையில் திருமலையில் வாங்கிய பிளாஸ்டிக் ஊதல். மற்ற பிள்ளைகள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வகுப்புக்குள் வந்திருந்தார்கள். அவள் மட்டும் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். கழற்று என்றேன். அதற்குப் பதிலாகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். பஸ் திடீரென்று கிளம்பிவிட்டால் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க முடியாதாம்.

மகனே, அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் பிள்ளையை ஹாஸ்டலில் விட ஒரு முறை இருந்தது, உனக்கும் தெரியும். ஹாஸ்டல் என்று வீட்டில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். திருமலைக்குப் போகிறோம் என்பார்கள். புதுத் துணி எடுப்பார்கள். மலையேறி மொட்டை போட்டு, சாமி பார்த்து, லட்டு வாங்கிக் கையில் கொடுத்து, இறங்கி வரும் வழியில் "இங்க ஒரு சொந்தக்காரங்களைப் பாத்துட்டுப் போலாம்" என்று ஹாஸ்டல் வாசலில் இறங்குவார்கள். அப்பா டீ குடிக்கப் போவார். அம்மா பாத்ரூம் போவாள். இரண்டு பேரும் திரும்பி வர மாட்டார்கள். பெங்களூருக்கும் சென்னைக்கும் கட்டட வேலைக்குப் போக ஆரம்பித்திருந்த குடும்பங்கள் அவை. பிள்ளை இங்கிலீஷ் படிக்க வேண்டும் என்று வயிற்றைக் கட்டி வாழ்ந்தவர்கள். பிள்ளை மேல் பாசம் இல்லாமல் அப்படிச் செய்யவில்லை. அழுகையைப் பார்க்கத் தெம்பில்லாமல் செய்தார்கள். அவர்களில் பலருக்குப் பஸ் போர்டு படிக்கத் தெரியாது. நீ இன்ஜினியர். ஸ்ரீ சிட்டி ஃபேக்டரியில் நூறு பேரை வேலை வாங்குகிறவன். அவர்கள் பஸ்ஸில் செய்ததை நீ ரயிலில் ஏசி பெட்டியில் செய்யப் போகிறாய். உன் வித்தியாசம் அவ்வளவுதான்.

போனில் நீ அனுப்பிய ஐதராபாத் திட்டத்தை உன் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். விடைத்தாள் திருத்தியே வாழ்நாளைக் கழித்தவன் நான். காப்பியடித்த தாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் காலை சார்மினார், உடனே அருங்காட்சியகம், உடனே பிரியாணி, அது செரிப்பதற்குள் மே மாத மதிய வெயிலில் கோல்கொண்டா கோட்டை. கோட்டையைக் கட்டிய ராஜாக்களே அந்த நேரத்தில் படுத்துத் தூங்கியிருப்பார்கள். இரண்டாம் நாள் சினிமா செட், மால், பிறகு பனி அறை. மார்கழியில் வாசல் பக்கம் வாருங்கள் என்றால் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொள்ளும் உன் பிள்ளைகளை, கொளுத்துகிற கோடையில் பணம் கட்டி, ஊரார் எல்லாம் போட்டுக் கழற்றிய வாடகைக் கம்பளிக் கோட்டை மாட்டி, நடுங்க வைத்துப் போட்டோ எடுக்கப் போகிறாய். இதற்குப் பெயர் திட்டம். இதில் ஹரிணி எங்கே இருக்கிறாள், சித்து எங்கே இருக்கிறான் என்று தேடினேன். பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் பதின்மூன்று வயதுப் பையனுக்கும் போட்ட திட்டம் மாதிரியே தெரியவில்லை. பார்சல் அனுப்புகிறவன் கூடப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தரம் பார்ப்பான்.

மூன்றாம் நாள் காலைக்கு நேராக "ஃப்ரீ" என்று மட்டும் போட்டிருந்தாய். பரவாயில்லையே, பிள்ளைகளை ஒரு காலையாவது சும்மா விடுகிறானே என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். அந்தப் பேச்சை அப்படியே எழுதுகிறேன். எழுத்தில் பார்த்தால் உனக்கே கூசும் என்று ஒரு நம்பிக்கை.

"நைனா, பாப்பாகிட்ட இப்ப எதுவும் சொல்லாத. ரெண்டு நாள் நல்லா சுத்திக் காட்டிட்டு, மூணாவது நாள் காலையில காலேஜப் பாக்கலாம்னு கூட்டினு போறோம். இன்டர் ரெண்டு வருஷத்துக்கும் அங்க ஹாஸ்டலோட அட்மிஷன் போட்டாச்சு. பெட்டு, பெட்டி எல்லாம் அங்கயே குடுத்துடறாங்க. நாம அப்டியே கெளம்பிடலாம்."

"அப்டியேன்னா?"

"அப்டியேன்னா அப்டியேதான். அழுவா. ரெண்டு நாள் அழுவா, அப்பறம் செட் ஆயிடுவா."

"சித்துகிட்ட இன்னா சொல்லுவ?"

"அவன் சின்னப் பையன் நைனா. ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தா மறந்துடுவான்."

"உனக்கு இத்த யாரு சொல்லிக் குடுத்தது?"

"காலேஜ் பிஆர்ஓதான். எல்லாரும் இப்டித்தான் பண்றாங்களாம். நீ கண்டிப்பா வரணும் நைனா. தாத்தா வந்தாத்தான் நானும் வருவேன்னு அடம் புடிக்கிறா."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் வேலை என்ன என்று எனக்குப் புரிந்தது. தூண்டிலில் மாட்ட உனக்கு ஒரு புழு வேண்டும். பெற்ற அப்பனையே மாட்டிவிட்டாய். மறுநாள் கூரியரில் எனக்கு ஒரு டி-ஷர்ட் வேறு வந்தது. குடும்பம் முழுக்க ஒரே மஞ்சள் நிறமாம், முதுகில் "ஃபேமிலி டூர்" என்று எழுத்தாம். உன் அம்மா அதை என் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "போட்டுக்கினு போ. கூட்டத்துல தொலைஞ்சா கண்டுபுடிக்க சௌகரியம். பேத்தியத் தொலைக்கப் போறவங்களுக்கு இது எதுக்குன்னுதான் தெரில" என்றாள். அவள் என்னைவிடக் குறைவாகப் பேசுவாள். அதனால் அவள் பேச்சு உறைக்கும்.

அந்த பிஆர்ஓவை எனக்குத் தெரியும். பத்தாவது பரீட்சை நெருங்கினால் திருப்பதியில் வீடு வீடாக ஏறி இறங்கும் ஆள். அன்று நான் உன் வீட்டில்தான் இருந்தேன். ஷூவைக் கழற்றாமல் உள்ளே வந்தான். உன் மனைவி போட்ட காப்பியைக் குடித்தான். ஹரிணியைப் பார்த்து, "ஏம்மா, டாக்டரா, இன்ஜினியரா?" என்று ஓட்டலில் இட்லியா தோசையா என்று கேட்பதைப் போலக் கேட்டான். அவள் "இன்னும் யோசிக்கலை அங்கிள்" என்றாள். அவன் சிரித்தான். யோசிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு வருகிறது. அவள் உள்ளே போனதும் உன் பக்கம் குனிந்து, "பாபகி இப்புடே செப்பொத்து சார்" என்றான். பிள்ளையிடம் இப்போதே சொல்லாதீர்கள் என்று அவன் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. ஏதோ பீஸ் விஷயம் என்று நினைத்து விட்டுவிட்டேன். அவன் ஒரு தலைக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குகிறவன். ஆள் சேர்ப்பது அவன் பிழைப்பு. உனக்கு என்ன வந்தது? உன் பெண்ணிடம் எப்போது உண்மை பேச வேண்டும் என்று ஷூ போட்டுக்கொண்டு வந்த ஒருவன் முடிவு செய்கிறான். நீ அவனுக்குத் தலையாட்டி, இன்னொரு கப் காப்பியும் கொடுக்கச் சொல்கிறாய்.

நான் மறுத்ததும் உன் கதையையே எடுத்து என்மேல் வீசினாய். "நீ எனக்கு முன்னாடியே சொன்ன. அதனாலதான் அந்த லீவு பூரா சோறு துன்னாம அழுதுக்கினு கெடந்தேன். என் பொண்ணுக்கு அது வேணாம்" என்றாய். நினைவு இருக்கிறதே, சந்தோஷம். ஆனால் பாதிதான் நினைவில் வைத்திருக்கிறாய். நீ பத்தாவது முடித்ததும், இன்டருக்கு நெல்லூரில் சேர்க்கப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். நீ தட்டைத் தள்ளிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு நகரியில் உன் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாய். நம் வீட்டில்தான் நீ சோறு துன்னவில்லை. அங்கே மூன்று வேளையும் துன்றான், மாங்காய் ஊறுகாய் ஜாடி காலி என்று உன் அத்தை ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். பிறகு திரும்பி வந்து என் எதிரே நின்று பேரம் பேசினாய். நெல்லூர் வேண்டாம், திருப்பதி என்றாய். சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருவேன் என்றாய். கிரிக்கெட் மட்டையைக் கொண்டுபோவேன் என்றாய். ஒரு பையன் வாத்தியாரோடு பேரம் பேசுவதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நீ கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. நெல்லூர் திருப்பதியாக மாறியது. பஸ் ஸ்டாண்டில் நீ அழுதாய், உண்மை. எதற்காக அழுகிறோம் என்று தெரிந்து அழுதாய். பஸ் ஏறினதும் மட்டையை மடியில் வைத்துக்கொண்டாய். அந்தப் பேரத்தை நீ உன் அப்பனிடம் பேசினாய். உன் பெண் உன்னிடம் பேசிவிடக் கூடாது என்று இப்போது ரயில் டிக்கெட் எடுக்கிறாய்.

நான் காலேஜுக்கு எதிரி என்று நினைத்துக்கொள்ளாதே. ஹரிணி கணக்கில் கெட்டி. அங்கே படித்தால் மேலே வருவாள், அது நடக்கக்கூடியதுதான். டூருக்கும் நான் எதிரி இல்லை. பெரிய நகரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவது பற்றி நம் குடும்பத்தில் யாருக்காவது கொஞ்சம் தெரியும் என்றால் அது எனக்குத்தான். வருஷம் தவறாமல் பள்ளிப் பிள்ளைகளை மெட்ராஸுக்கு எக்ஸ்கர்ஷன் கூட்டிப் போனவன். நீ ஒன்பதாவது படித்தபோது நீயும் வந்தாய். மியூசியத்தில் ஒவ்வொரு சிலைக்கு முன்னாலும் நின்று நான் விளக்கம் சொன்னேன். உங்களில் ஒருவனும் கேட்கவில்லை. சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயிலுக்காகக் காத்திருந்தபோது ஓடிப் போய் ஒரு தூணடியில் உட்கார்ந்து, வருகிற போகிற ஜனத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கிளம்பலாம் என்றால் எழுந்திருக்கவில்லை. "இன்னாடா கீது இங்க?" என்று கேட்டேன். நீதான் பதில் சொன்னாய்: "நைனா, இங்க யாருக்குமே நம்மளத் தெரியல." ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் "வாத்தியார் பையன் போறான்" என்று கேட்டு வளர்ந்தவன் நீ. அந்த வயதுப் பிள்ளைக்குப் பெரிய ஊர் கொடுக்கிற சுகம் அதுதான் என்று அன்றைக்கு நான் கற்றுக்கொண்டேன். மறு வருஷத்திலிருந்து மியூசியத்தைப் பாதியாக்கிவிட்டு, பிள்ளைகளை ஜோடி ஜோடியாகக் கடைத் தெருவில் நடக்க விட்டேன். திரும்பி வர வேண்டிய இடத்தையும் நேரத்தையும் முதலிலேயே சொல்லிவிடுவேன். அதனால் ஒரு பிள்ளையும் தொலைந்ததில்லை. அந்தச் சுகத்தை அனுபவித்த நீ, உன் பிள்ளைகளுக்கு மஞ்சள் டி-ஷர்ட் மாட்டி, நகரமே திரும்பிப் பார்க்கும்படி ஊர்வலம் விடப் போகிறாய்.

சரி, மஞ்சுளாவுக்கு வருகிறேன். அவளிடம் பொய் சொல்ல ஹாஸ்டலில் எல்லோரும் தயாராக இருந்தார்கள். சமையல்காரம்மா "நாளைக்கு வருவாங்க கண்ணு" என்றாள். வார்டன் "பஸ்ஸு ரிப்பேர்" என்றான். அவளும் நம்பி, ராத்திரி கூடச் செருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தாள். என்னிடம் கேட்டபோது நான் சொன்னேன்: "பஸ் போயிடுச்சும்மா. உங்கப்பாவும் அம்மாவும் அதுல போயிட்டாங்க. இனி பொங்கலுக்குத்தான் வருவாங்க. நீ இங்க படிக்கப் போற." அவள் ஊதலை என்மேல் விட்டெறிந்தாள். மூக்கில் பட்டது. மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுக்கு சார் குட்டைய கொழப்புறீங்க?" என்றார். மறுநாள் அவள் வகுப்புக்கு வந்தபோது செருப்பு வாசலில் இருந்தது. அவளுக்கு அங்கே சந்தோஷம் என்று சொல்லவில்லை. காத்திருக்க வேண்டியதில்லை என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அதன் பிறகுதான் போர்டில் எழுதியதை நோட்டில் எழுத ஆரம்பித்தாள்.

நன்றாகவே படித்தாள். பிஆர்ஓ காதில் விழுந்தால் "பாத்தீங்களா சார்" என்பான். பார்க்கட்டும். இரண்டு வருஷம் கழித்து அவள் அம்மாவைப் புத்தூர் சந்தையில் பார்த்தேன். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டதுதான் தாமதம், அந்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "லீவுக்கு வந்து கீது சார். நல்லாத்தான் கீது. ஆனா கடைக்குப் போலாம் வாடின்னு கூப்ட்டா, 'எங்க வுட்டுட்டு வரப் போற?'ன்னு கேக்குது. கோயிலுக்குக் கூப்ட்டாலும் அதே கேள்விதான். சித்தி கல்யாணத்துக்கு வேன்ல ஏறவே இல்ல சார். நான் பெத்த புள்ள, என் கூட வெளிய வரதுக்கே பயப்படுது" என்றாள். அந்தம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தான் தொலைத்தது எது என்று தெளிவாகத் தெரிந்திருந்தது.

உனக்கு அது தெரியவில்லை. ரெண்டு நாள் அழுவாள், செட் ஆயிடுவாள் என்கிறாய். மோட்டாரை மாட்டிவிட்டு ஓடவிட்டுப் பார்க்கிற பேச்சு. ஹரிணி செட் ஆவாள், சந்தேகமே இல்லை. படிப்பாள், மார்க்கும் வாங்குவாள். பிறகு ஒரு நாள் லீவுக்கு வரும்போது, "ஊட்டிக்குப் போலாமாம்மா?" என்று நீ ஆசையாகக் கேட்பாய். அவள் உன் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை நீ என்ன விலை கொடுத்தும் திருப்பி எடுக்க முடியாது. சித்து ஐஸ்கிரீமில் மறந்துவிடுவான் என்கிறாயே, அவன் ஐஸ்கிரீமைத் தின்றுகொண்டே கணக்குப் போடுவான். இன்னும் இரண்டு வருஷத்தில் அவனுக்கும் பத்தாவது. உன் வீட்டில் டூர் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். எல்லாம் அவள் நல்லதுக்குத்தான் என்று நீ சொல்வாய். இந்த "நல்லதுக்குத்தான்" என்பதைக் கேட்டாலே எனக்குப் பல் கூசுகிறது. நல்லது என்றால் அதை ஏன் சார்மினாருக்கும் பிரியாணிக்கும் பின்னால் ஒளித்துவைக்கிறாய்? உனக்குப் பயம். பதினைந்து வயதுப் பெண் "ஏன் டாடி?" என்று கேட்டால் சொல்ல உன்னிடம் பதில் இல்லை. அந்தப் பயத்துக்கு மூன்று நாள் டூர், நான்கு வேளை ஓட்டல் சாப்பாடு, ஐந்து மஞ்சள் சட்டை.

நேற்று அவளே எனக்குப் போன் செய்தாள். ஒரே குதூகலம். "தாத்தா, நீ வரியாமே! சூப்பர்! மெட்ரோல நீயும் நானும் தனியா ஒரு ரவுண்டு போறோம், ஓகேவா? மேப் நான் பாத்துக்கறேன். நீ சோஷல் சாரு, எனக்கு மார்க் போடு." போகலாம் என்றேன். பிறகு கேட்டாள்: "அது சரி, திரும்பி எப்ப வரோம் தாத்தா? இருவதாந்தேதி என் ஃப்ரெண்டோட அக்காவுக்குக் கல்யாணம். டாடியக் கேட்டா சொல்றேன் சொல்றேன்னே சொல்லிக்கினு கீறாரு."

எனக்கு உடனே மஞ்சுளாவின் செருப்பு நினைவுக்கு வந்தது. கேள்வி அதேதான். குரல் மட்டும் வேறு. "உங்கப்பா சொல்லுவாரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அவள் என்னைக் கேட்டதற்குக் காரணம், தாத்தா சுற்றி வளைக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒன்றைத்தான் நான் அவளுக்காகச் சேர்த்து வைத்திருக்கிறேன். அதை உன் மூன்றாம் நாள் காலைக்குக் கொடுக்க மாட்டேன்.

ஆகவே என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நீ அவளிடம் சொல்லி, அவளும் பேரம் பேசி, கடைசியில் அந்தக் காலேஜே என்று முடிவானால் நான் வருகிறேன். அவளோடு மெட்ரோவில் போவேன். மூன்றாம் நாள் காலை ஹாஸ்டல் வாசல் வரைக்கும் அவள் பெட்டியை நானே தூக்குவேன். வேண்டுமானால் அந்த மஞ்சள் கண்றாவியையும் போட்டுக்கொள்வேன். வேறு காலேஜ் என்று முடிவானாலும் டூருக்கு வருவேன். திருப்பதியிலேயே படிக்கிறேன் என்று அவள் சொன்னால், உன் காலத்தில் நெல்லூர் திருப்பதியானதை ஒரு தரம் நினைத்துக்கொள். நீ சொல்லாமல் விட்டால், நான் ரயில் ஏற மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் எப்போதும் போல எனக்குப் போன் செய்வாள். மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பாள். அப்போது பதில் சொல்லிவிடுவேன். ஊதலடி பட்ட மூக்கு இது, போனடிக்கும் தாங்கும். ஆனால் அவள் அதை என் வாயால் கேட்டால் நீ அவளுக்கு மிச்சமில்லாமல் போவாய். அதை நான் விரும்பவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தைப் படித்த அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனதும், டிவியை நிறுத்திவிட்டு, ஹரிணியை எதிரே உட்கார வைத்து, மூன்றாம் நாள் காலை எங்கே போகிறோம், திரும்பி வரும் ரயிலில் யார் யார் இருப்போம் என்று ஒரே மூச்சில் சொல். சொன்ன பிறகு, அவள் வாயைத் திறக்கும் வரை நீ திறக்காதே.